செவ்வாய் காலை ஏழரை

போன குளிர்காலம் நிபால்டோ என்பவன்
என் வடக்குச் சுவரைத் திறந்து போட்டுவிட்டுப் போனான்.
முன்பணம் ஆறு லட்சம் பெசோ, ரொக்கம்.
ரசீது கேட்டதற்கு
"நம்பிக்கைதானே சென்யோரா" என்று சிரித்தான்.
அந்தச் சிரிப்புக்காவது ரசீது வாங்கியிருந்தால்
கோர்ட்டில் காட்டியிருப்பேன்.

சுவர் இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய்.
பசிபிக் காற்று இரவெல்லாம் அதை அறையும்.
யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று
ஜூன் முழுக்க எழுந்து எழுந்து போனேன்.
யாருமில்லை.
அவனுடைய எண் உபயோகத்தில் இல்லை.

வால்பரைசோ துறைமுகத்தில் எடைமேடை வேலை எனக்கு.
லாரி ஏறும், முள் நடுங்கும், நிற்கும், எழுதுவேன்.
பதினேழு வருடத்தில் ஒரு மூட்டை ஏமாந்ததில்லை.
மனிதன் ஏறி நின்றால் முள் எங்கே நிற்கும்?
அதை அந்த மேடை சொல்லித்தரவில்லை.

இந்த முறை மூன்று பேரைக் கூப்பிட்டேன்.

ஒருவன் வெள்ளை வேனோடு கீழேயே நின்றுகொண்டான்.
நூற்று நாற்பது படிக்கு முழங்கால் ஒத்துழைக்காதாம்.
போட்டோ அனுப்புங்கள், விலை அனுப்புகிறேன்.
அனுப்பினான். வழவழப்பான தாள், மேலே முத்திரை.
சுவரைப் பார்க்காதவன் சுவருக்கு வைத்த விலை
கடைசிப் பெசோ வரை துல்லியம்.

அடுத்தவன் ஏறி வந்தான். வாய் நிறையப் பேச்சு.
பத்தே நாள் என்றான்.
கறையான் இருக்கிறதே? அது ஒன்றுமில்லை.
தகரம் துருவேறிவிட்டதே? ஒன்றுமில்லை.
மின்கம்பி சுவருக்குள் ஓடுகிறதே? ஒன்றுமே இல்லை.
இத்தனை ஒன்றுமில்லைகளையும் கூட்டினால்
முதல் தாளைவிட நாலு லட்சம் குறைவு.
ஆசை வந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன்.
அன்றிரவு அந்த நாலு லட்சத்தில்
ஒரு அடுப்பு வாங்கி, மகனுக்குப் பல் கட்டி,
மீதியையும் செலவழித்துவிட்டுத்தான் தூங்கினேன்.

எவரிஸ்டோ வந்தபோது மழை.
பேச்சே இல்லை. ஆணியால் மரச்சட்டத்தைக் குத்தி
நுனியை முகர்ந்து பார்த்தார்.
அப்போது தரை லேசாக அசைந்தது,
காபி சிந்தாத வகை, இங்கே அடிக்கடி வருவது.
நான் பழக்கத்தில் கதவுநிலைக்கு ஓடினேன்.
அவர் சுவரில் உள்ளங்கையை வைத்து
காய்ச்சல் பார்ப்பதுபோல நின்றார்.

"எவ்வளவு ஆகும்?"
"திறந்தால்தான் தெரியும்."
"தோராயமாக?"
"தோராயமாக ஒன்று சொல்லிவிட்டால்
பிறகு வேலையை அதற்குள் திணிக்கத் தோன்றும்."

எரிச்சலாக வந்தது.
யாருக்குச் செய்திருக்கிறீர்கள் என்றேன்.
பக்கத்துக் குன்றில் ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தார்.

ஃப்ரேசியா கதவைத் திறந்ததும் புகார்தான்:
ஒன்பது நாள் தாமதம், வேலையில் ஓயாத விசில்,
குளியலறை ஓடு ஒன்று கோணல், பாருங்கள்.
பார்த்தேன். கோணல்தான்.
சிங்க்குக்குக் கீழே டார்ச் அடித்தேன்.
மூன்று குளிர்காலம் கடந்த பலகை,
உலர்ந்திருந்தது.
வாசலில் வழியனுப்பும்போது, குறையோடு குறையாக,
"முதல் பெருமழையன்று அந்த ஆள்
கூப்பிடாமலே வந்துவிட்டார்,
ஏணியைத் தூக்கிக்கொண்டு,
எங்கே ஒழுகுகிறது என்று.
நான் இரவு உடையில் இருந்தேன்.
என்ன மனிதரோ."

திறந்து பார்க்க இவ்வளவு, மீதி பார்த்தபின்.
இரண்டு பிரதி, இரண்டிலும் கையெழுத்து.
அவர் கையெழுத்து பள்ளிக்கூடப் பையனுடையது போல
ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.
செவ்வாய் தொடங்குவதாக.

செவ்வாய் காலை ஏழரைக்குப் போன்.
"ஹிமேனா, இன்றைக்கு வரமாட்டேன்.
மரம் ஈரமாக வந்திருக்கிறது. திருப்பி அனுப்பிவிட்டேன்.
வியாழன்."
அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

எத்தனையோ பேர் வராமல் இருந்திருக்கிறார்கள் எனக்கு.
வரமாட்டேன் என்று சொன்னவர் இவர் ஒருவர்.

வேலைக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம்.
மறுபடி படுத்தேன்.
தார்ப்பாய் தட்டியது.
நான் எழுந்து போகவில்லை.